நம் வீட்டுக்குத் தொட்டி வீடு என்று பேர் வந்தது இப்படித்தான்

தம்பி,

நேற்று நீ போன் பண்ணியபோது அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் வாயில் வரக்கூடாததெல்லாம் வந்திருக்கும். கல்யாணம் நிச்சயமான பிள்ளையிடம் அப்படிப் பேசக்கூடாது என்றுதான் வைத்தேன். வாயால் சொன்னால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன் என்றாலும் வடை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் எறியாதவள் நான். எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் படம் எடுத்து, நம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லப் போகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் ‘சரிம்மா’ என்று போட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாய். இதை உன் மாமனார் படிக்க வேண்டும், என் மருமகளாக வரப்போகிறவள் படிக்க வேண்டும். யாராவது ஒருத்தர் நம் ஊர்ப் பெரிய மனுஷரான மெத்தை வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினால் எனக்குச் சந்தோஷம்தான்.

நேற்று நீ என்ன சொன்னாய்? உன் வார்த்தையிலேயே சொல்கிறேன். “அம்மா, மெத்தை வூட்டுப் பெரியவர் ஒத்துக்கினாரும்மா. அவருதான் தாலி எடுத்துக் குடுக்கப் போறாரு. மாமனாரு ரொம்ப குஷியாயிட்டாரு. நம்ம வூட்டுக்குத் தொட்டி வூடுன்னு பேர் வந்த கதைய அவரு எதிர்லயே மாமனாருக்குச் சொன்னேன். பெரியவரு சிரிச்சிக்கினே தலையாட்டினாரு. ஆமா ஆமா, பெரிய குடும்பம்னு சொன்னாரும்மா.” அதற்குப் பிறகு பத்திரிகையின் மாதிரியையும் அனுப்பினாய். தாலி எடுத்துத் தந்து வாழ்த்துபவர் என்று அவர் பேர் தங்க எழுத்தில் நடுவில் இருக்கிறது. தாய்மாமன் என்று என் தம்பி ஏழுமலையின் பேர் மூலையில், எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. போனைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கோழிகள் வந்து காலைக் கொத்திய பிறகுதான் எழுந்தேன்.

அவர் தலையாட்டினார் பார், அதுதான் என்னை எழுத வைத்தது. அவர் பல்லைக் கடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

நீ சொன்ன கதை உன் அப்பா சொன்ன கதை. மூன்றாவது படிக்கும்போது ஒரு நாள் சட்டைப் பொத்தான் அறுந்து, மூக்கில் ரத்தத்தோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாய். மெத்தை வீட்டுப் பேரப்பிள்ளை உன்னைத் தொட்டி தொட்டி என்று கூப்பிட்டிருக்கிறான், நீ போய் அவன்மேல் விழுந்திருக்கிறாய். “தொட்டின்னா இன்னாப்பா?” என்று கேட்டாய். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ‘உங்க அம்மாவோட தாத்தா பெரிய தர்மவான்டா. பஞ்சத்துல வழிப்போக்கனுங்களுக்கெல்லாம் வாசல்ல தொட்டி கட்டி கஞ்சி ஊத்துனாரு. அதான் இது தொட்டி வூடு’ என்றார். நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். உன் அப்பா திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். பூனைக்குக்கூடக் கோபமாகப் பேசாத மனுஷன். பிள்ளை அழக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. நான் அன்றைக்கு அவரைத் திட்டினேன். “வுடு, வளர்ந்தா தானா தெரிஞ்சிக்குவான்” என்றார். நீ வளர்ந்தாய், கம்பெனியில் சேர்ந்தாய், உன் அப்பா போய்ச் சேர்ந்தார், கதை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இப்போது அது போய் மெத்தை வீட்டுக் கூடத்தில் காபி குடித்திருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேள். என் தாத்தா யாருக்கும் கஞ்சி ஊற்றவில்லை. ஊற்ற அவரிடம் கஞ்சியும் இல்லை, தொட்டியும் இல்லை. மெத்தை வீட்டு வயலில் கூலி வேலை செய்தார். என் அப்பாவும் செய்தார். நான் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் மழை அடுத்தடுத்துப் பொய்த்தது. கோமுகி அணைக்குள் மாடு மேய்த்தோம், அவ்வளவு காய்ந்து கிடந்தது. கரும்பு இல்லை, நெல் இல்லை, வேலை இல்லை. மலையடிவாரத்துக் கிழங்கை எல்லாம் தோண்டித் தின்றாயிற்று. அப்போதுதான் அரசாங்கம் ஊர் ஊராகக் கஞ்சித்தொட்டி திறந்தது. பசித்தவர்களுக்கு அரசாங்கச் செலவில் கஞ்சி ஊற்றும் இடத்துக்கு அதுதான் பேர். அந்தக் காலத்தில் பேப்பரிலும் அப்படித்தான் போடுவார்கள், அதிகாரிகளும் அப்படித்தான் சொல்வார்கள். மற்ற ஊர்களில் அண்டாவில் காய்ச்சி, சட்டியோ குண்டானோ அவரவர் கொண்டுபோன ஏனத்தில் ஊற்றினார்கள். பேரில் மட்டும்தான் தொட்டி இருந்தது. கெட்ட பேரும் இல்லை அது. அரசாங்கம் நம்மைச் சாகவிடவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நம் ஊரில் மூட்டை இறக்கி வைக்க மச்சும் பூட்டும் உள்ள வீடு மெத்தை வீடுதான். அதனால் நடத்தும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார். அண்டா அவர் வீட்டுக் கொல்லையில் கொதிக்கும். அவர்கள் தெருக்காரர்களுக்கு அரிசியாகவே பின்வாசல் வழியாகப் போகும். அதற்கு நிவாரணம் என்று பேர். நாங்கள் வெளியே மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார வேண்டும். மாடெல்லாம் விற்றுப்போய்விட்டது, அதற்குக் கழனித்தண்ணீர் ஊற்றும் கல்தொட்டி மட்டும் சும்மா கிடந்தது. கஞ்சியைக் குடத்தில் கொண்டுவந்து அந்தத் தொட்டியில் ஊற்றச் சொன்னார். புண்ணாக்கு நாற்றம் கல்லில் ஊறிப்போயிருந்தது. கொட்டாங்கச்சியால் மொண்டு அங்கேயே குடிக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

முதல் நாளே என் அப்பா கேட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்துதான் கேட்டார். “எங்க ஏனத்துலயே வாங்கிக்கிறோமுங்க. பொம்பளைங்க, புள்ளைங்க கீதுங்க. தொட்டியில வேணாமுங்க.”

“ஏனத்துல வாங்கினா வூட்ல கொண்டும்போய் வெச்சிட்டு மறுக்கா வருவீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?”

“அப்ப உங்க ஏனம் எதுனா குடுங்க சாமி. கழுவி வெச்சிடறோம்.”

“கஞ்சி கவர்மெண்டு கஞ்சி. ஏனம் என்னுது. கவர்மெண்டு கஞ்சிதான் குடுத்துகீது, ஏனம் குடுக்கல. இஷ்டம்னா குடிங்க, இல்லன்னா போய்க்கினே இருங்க.”

என் அப்பா போகவில்லை. எங்கே போவார்? என் அம்மா அந்தத் தொட்டி முன்னால் மண்டி போட்டாள். தெருவே மண்டி போட்டது. நானும்தான். குடித்தேன், வயிறு நிறைந்தது, மறுநாளும் போனேன். அரசாங்கக் கஞ்சியைக் குடித்ததில் எனக்கு அன்றும் வெட்கம் இல்லை, இன்றும் இல்லை. அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் நான் இல்லை, நீயும் இல்லை. எங்களை மண்டி போட வைத்தது அரசாங்கம் இல்லை தம்பி, அவர். இதை நீ பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்.

ஏழுமலைக்கு அப்போது நடை பழகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் குடம் வருவதைப் பார்த்துவிட்டு, அம்மா இடுப்பிலிருந்து நழுவி ஓடிப்போய்த் தொட்டிக்குள் கையை விட்டான். முந்தின நாள் கஞ்சி அடியில் கொஞ்சம் ஒட்டிக் காய்ந்திருந்தது, அதைச் சுரண்டினான். குடத்தைத் தூக்கி வந்த ஆள் பிள்ளையைப் பார்த்துவிட்டு நின்றான். “ஐயா, கொழந்த கை வெச்சிகினு கீதுங்க” என்றான். மெத்தை வீட்டுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. “ஊத்துடா. சுட்டா எடுத்துக்குவான்” என்றார்.

ஊற்றினான். என் தம்பி கையை எடுக்கவில்லை. அலறினான், ஆனால் எடுக்கவில்லை. கஞ்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நான்தான் பாய்ந்து போய் இழுத்தேன். அந்தக் கையைத்தான் நீ பார்த்திருக்கிறாய். வலது கை, மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே மடிந்துபோன கை. உனக்கு உன் அப்பா அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார், குளிக்க வைத்த வெந்நீர் கொட்டிவிட்டது என்று. அந்தக் கையோடு உளுந்தூர்பேட்டை ரோட்டில் பஞ்சர் கடை போட்டு, லாரி டயரைக் கழற்றி மாட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தான். உனக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் சட்டை எடுத்து வந்தவன் அவன். நீ ஹாஸ்டலில் காய்ச்சலாகக் கிடந்தபோது கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தவன் அவன். உன் பத்திரிகையில் மூலையில் இருப்பவனும் அவன்தான்.

அன்றைக்கு அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கல்வராயன் மலை ஏறினார், அம்மாவும் நானும் பின்னாலேயே ஏறினோம். மேலே தீக்காயத்துக்குப் பச்சிலை போடும் ஒரு குடும்பம் இருந்தது. புண் ஆறும்வரை எங்களை அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பஞ்சம்தான். சாமையில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, அவர்கள் குடித்த அதே சட்டியில் எங்களுக்கும் கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மா என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள். தர்மம் என்று சொல்லவில்லை, உதவி என்று சொல்லவில்லை. “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?” என்பதுதான் அவர்கள் சொன்னது. நீ ஒருவருக்குக் கொடுக்கிற நாள் வந்தால் அந்த அம்மா மாதிரி கொடு.

நாங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தபோது ஊரில் எங்களுக்குப் பேர் வைத்தாயிற்று. கஞ்சித்தொட்டியில் பிள்ளையை வேக வைத்த வீடு என்று சொல்ல ஆரம்பித்து, அது தேய்ந்து தொட்டி வீடு ஆயிற்று. யார் வேக வைத்தது என்பதை மட்டும் ஊர் வசதியாக விட்டுவிட்டது. தெரு முழுக்கத்தான் அந்தத் தொட்டியில் குடித்தது, ஆனால் பேர் நமக்கு மட்டும் நின்றது. என் கல்யாணத்தன்று மெத்தை வீட்டுப் பெண்கள் குளத்தங்கரையில் “தொட்டி வூட்டுக்கு மாப்ள வந்துகீதாம், இன்னாத்துல சோறு போடுவாங்க?” என்று சிரித்தார்கள். உன் அப்பா காதிலும் அது விழுந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் திரும்பி நின்று யார் யார் சிரித்தார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு நடந்தேன்.

பேரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், நீ படித்தவன், யோசித்துப் பார். அந்தப் பஞ்சத்தில் மெத்தை வீட்டுக்கும் அரசாங்கம் கொடுத்தது. பயிர் காய்ந்ததற்குக் கொடுத்தது நிவாரணம். கிணற்றை ஆழப்படுத்தக் கொடுத்தது மானியம். வாங்கிய கடனை வேண்டாம் என்று விட்டது தள்ளுபடி. எல்லாம் அதே அரசாங்கம், அதே கஜானா. அவருக்குக் கொடுத்ததற்கெல்லாம் கோட்டுப் போட்ட மாதிரி ஒரு பேர். எங்களுக்கு ஊற்றிய கஞ்சிக்கு மட்டும் தொட்டி. மானியம் வாங்கிய வீட்டை யாராவது மானிய வீடு என்று கூப்பிட்டார்களா? தள்ளுபடிக்காரன் பேரன் என்று எவனாவது பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினானா? இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. அவர்கள் பம்புசெட்டுக்குக் கரண்டு காசில்லாமல் வருகிறது, அதை யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. நாங்கள் பெண்கள் டவுன் பஸ்ஸில் காசில்லாமல் ஏறினால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் நாடு கெட்டுப்போகிறது.

நீயும் இதில் ஒரு ஆள்தான், உன்னை விடமாட்டேன். என் கணக்கில் அரசாங்கத்தின் மகளிர் உரிமைத்தொகை வந்த மாதம் “ஓசிப் பணம்லாம் உனக்கு எதுக்கும்மா, நான் அனுப்பறேன்ல?” என்றாய். நீ பள்ளிக்கூடத்தில் தின்ற முட்டை என்ன? ஓட்டிய சைக்கிள் என்ன? கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போய்வந்த பஸ் பாஸ் என்ன? வீட்டில் முதலில் பட்டம் படிக்கிறவன் என்று காலேஜில் பீஸ் கழித்தார்களே, அது என்ன? அதற்கெல்லாம் நீ ஸ்கீம் என்று பேர் வைத்தாய், எனக்கு வந்தால் ஓசி என்றாய். மெத்தை வீட்டுக்காரர் செய்ததும் இதேதான், அவர் கல்லில் செய்தார், நீ வாயில் செய்தாய். அந்தப் பணத்துக்கு எவரோ ஒரு புண்ணியவான் உரிமை என்று பேர் வைத்திருக்கிறார். பணம் நாலு நாளில் தீர்ந்துபோகிறது, அந்தச் சொல்லுக்காகத்தான் நான் முகாமில் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்று கையெழுத்துப் போட்டேன். தொட்டியில் ஆரம்பித்து அந்தச் சொல் வரைக்கும் வர எனக்கு ஒரு ஆயுள் ஆகியிருக்கிறது. இனிமேல் ஓசி என்று என் எதிரில் சொல்லாதே.

நான் சும்மா இருந்தேன் என்று நினைத்துவிடாதே. கரும்பு வெட்டும் பெண்களுக்கு நான் மேஸ்திரியாக இருந்தது உனக்குத் தெரியும். ஒரு வருஷம் மெத்தை வீட்டுக் கரும்புக்கு ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தது. ஆர்டர் வந்த நாளில் வெட்டி ஏற்றவில்லை என்றால் வண்டி அடுத்தவன் வயலுக்குப் போய்விடும், மறுபடி முறை வர நாளாகும், அதற்குள் கரும்பு காய்ந்து எடை இறங்கிவிடும். அவர் என்னிடம்தான் ஆள் சொன்னார், நானும் சரி என்றேன். அன்று விடிந்ததும் அத்தனை பெண்களையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறிவிட்டேன். மேலே மரவள்ளி பிடுங்கும் வேலையை முன்னாலேயே பேசி வைத்திருந்தேன். சாயந்திரம் இறங்கி வந்தால், அந்த மனுஷன் நம் வாசலில் நிற்கிறார். பிறந்ததிலிருந்து நம் தெருவுக்குள் கால் வைக்காதவர்.

“இன்னாம்மா இப்பிடிப் பண்ணிட்ட? வண்டி வந்து காலியா திரும்பிப் போயிடுச்சி. கூலி கம்மின்னா வாயத் தொறந்து கேக்க வேண்டிதானே?”

“கூலி கம்மி இல்லீங்க. கரும்பு வெட்டற எடத்துக்குக் கஞ்சி கொண்டாரணும். எங்க வூட்ல ஏனம் இல்லீங்க.”

“ஏனமா? இன்னா சொல்ற நீ?” என்று என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் அவர் கண்ணையே பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை தம்பி. நடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. வெட்டாத கரும்பு அவர் வயலில் சோகைத் தழையோடு காய்ந்தது, ஊரே பேசியது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிட்டும் பசி அடங்காத மாதிரி இருந்தது. எதற்காக அடி விழுகிறது என்று தெரியாதவனை அடித்து என்ன பயன்? அன்றிலிருந்து என் பழி கரும்பைப் பற்றியது இல்லை. அவருக்கு அது நினைவுக்கு வர வேண்டும். ஒரு நாளாவது, ஒரு வாய்ச் சோறு இறங்கும் நேரமாவது நினைவுக்கு வர வேண்டும். நேற்று அவர் உன் எதிரில் சிரித்துத் தலையாட்டினார் என்று நீ சொன்னபோது, இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

மன்னித்துவிடு, வயதான மனுஷன் என்று சொல்ல வருவாய். உன் மாமனார் வாத்தியார், அவரும் அதையே நாலு அழகான வார்த்தையில் சொல்வார். எனக்கும் வயதாகிவிட்டது. ஏழுமலைக்கு இப்போதும் குளிர்காலத்தில் கை விரல் இழுத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் வலிக்கிறது. அவன் கை நேரானால் சொல், மன்னிக்கிறேன். அவர் ஒரு தரம் வந்து, நான்தான் ஊற்றச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால்கூட யோசித்திருப்பேன். ஞாபகமே இல்லாதவரை எதற்காக மன்னிப்பது?

நம் கொல்லையில் துவைக்கிற கல் இருக்கிறதே, நீ சின்ன வயதில் உட்கார்ந்து பல் தேய்த்தது, பரீட்சைக்குப் படித்தது, அதன் அடிப்பக்கத்தை நீ பார்த்ததில்லை. மெத்தை வீட்டில் காருக்குக் கொட்டகை போட்டபோது பழைய மாட்டுக்கொட்டகையை இடித்து, அந்தத் தொட்டியை ஏரிக்கரையில் கொண்டுவந்து தள்ளினார்கள். நான் என் ஆட்களை விட்டுக் கரும்பு டிராக்டரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அப்பா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “இத எதுக்குடி வூட்டுக்குக் கொண்டாந்த? புள்ள கண்ணுல படும்” என்றார். நாலு பேரைக் கூப்பிட்டுக் கவிழ்த்துப் போட்டு, துவைக்கிற கல் ஆக்கினார். அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தார், கவிழ்த்துப் போட்டு அதன்மேல் துணி துவைப்பார். நல்லவர், அவரை நான் குறை சொல்லவில்லை. சரி, சொல்கிறேன், குறைதான் சொல்கிறேன். அவர் உனக்கு நிஜத்தைச் சொல்லியிருந்தால் நீ அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்து அவர் எதிரில் பல்லைக் காட்டியிருக்கமாட்டாய். அதனால் உனக்குச் சொல்கிறேன், உன் பெண்டாட்டியிடம் இனிப்பாக எதையும் சோடித்துச் சொல்லாதே. நம் வீட்டில் என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்று முதல் வாரத்திலேயே உட்கார வைத்துச் சொல். கேட்டுவிட்டு அவள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அவள் நல்ல பெண்ணாகத்தான் தெரிகிறாள், சுளிக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தைக் கள்ளக்குறிச்சி மண்டபத்தில் வைக்கலாம் என்று நீ கெஞ்சியபோது, முடியாது, நம் வாசலில் பந்தல் போட்டுத்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்பாவின் நினைவு என்று நீயாகவே சொல்லிக்கொண்டாய். அந்த வாசலில் மெத்தை வீட்டுக்காரர் தாலியைத் தொட நான் அந்தப் பிடிவாதம் பிடிக்கவில்லை. பத்திரிகையை மாற்று. தாலி எடுத்துத் தருபவர் தாய்மாமன் ஏழுமலை என்று நடுவில் போடு, அந்தத் தங்க எழுத்திலேயே போடு. “என் கை அசிங்கமா கீதுக்கா, போட்டோல நல்லாருக்காது, பெரிய மனுஷனே எடுத்துக் குடுக்கட்டும்” என்று அவன் என்னிடமே சொன்னான். நீயும் அதைத்தான் மனசில் நினைத்தாயோ என்னவோ, நான் கேட்கமாட்டேன், நீயும் சொல்லாதே. உளுந்தூர்பேட்டைக்குப் போய் நீயே அவனிடம் கேள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கேள். மாற்றவில்லை என்றால் நான் என் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறிவிடுவேன். இது மிரட்டல்தான். என்னால் முடியும் என்று மெத்தை வீட்டுக் கரும்பைக் கேட்டால் சொல்லும்.

மெத்தை வீட்டுக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிடாதே. அவர் கட்டாயம் வர வேண்டும். இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டியிருந்தாலும் வர வேண்டும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஊரே கேட்கும். காரை அனுப்பிக் கூட்டி வா. முன்வரிசையில், மணமேடைக்கு நேர் எதிரில் குஷன் நாற்காலி போடச் சொல்லிப் பந்தல்காரனிடம் சொல்லிவிட்டேன். இன்று காலையில் பக்கத்து வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுத் துவைக்கிற கல்லை நிமிர்த்தியாயிற்று. உள்ளே ஒரு மண்வெட்டி அளவு மண்ணும் பழைய பாசியும் இருந்தன, தேய்த்துக் கழுவினேன். அதைப் பந்தல் வாசலில் வைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, பூ போடப் போகிறேன். சந்தனம், கல்கண்டு, பன்னீர், தொட்டி, இந்த வரிசையில்தான் அவர் உள்ளே வருவார். அதன் விளிம்பில் ஒரு மூலை உடைந்திருக்கும், அவர் வீட்டுக் காளை முட்டி உடைத்தது. அதைப் பார்த்தும் நினைவு வரவில்லை என்றால், ஏழுமலையின் மடிந்த விரல்கள் தட்டிலிருந்து தாலியை எடுத்து உன் கையில் வைக்கும்போது வரும். அவரைப் பார்க்க வேண்டிய வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ மருமகள் கழுத்தைப் பார்த்து ஒழுங்காக முடிச்சுப் போடு.

பிறகு முதல் பந்தி. அவரை நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், நம் தெருக்காரர்கள் நடுவில் உட்கார வைப்பேன். தலைவாழை இலை போடுவேன், சாதம், சாம்பார், வடை, பாயசம் எல்லாம் நானே வைப்பேன், ஒன்றும் குறையாது. அவர் சாப்பிடக் கையை வைக்கும்போது குனிந்து, பக்கத்து இலைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன்.

“சோறும் எங்களுது, ஏனமும் எங்களுது. சாப்புடுங்க.”

உன் அம்மா,
தொட்டி வீடு.